கூப்பன் 50 ஓம், டிடிஆர் 38 ஓம்: அந்தப் பள்ளம் யாருடையது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பினாங்கின் பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், சிப்புகளைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் குழுவில் சேர்ந்து ஒன்றரை ஆண்டாகிறது. 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு லோட் போர்டு, அதாவது சிப்பைச் சாக்கெட்டில் வைத்துச் சோதனைக் கருவியோடு இணைக்கும் சர்க்யூட் போர்டு, வரைந்திருக்கிறீர்கள். சிப்பின் 10 கிகாபிட் டிரான்ஸ்மிட்டரை அதன் ரிசீவருக்கே திருப்பிவிடும் லூப்பேக் ஜோடி. ஒவ்வொரு கோட்டின் இம்பீடன்ஸும் (ஓடும் சிக்னல் சந்திக்கும் மின்னெதிர்ப்பு) 50 ஓம். மூன்றாம் அடுக்கில் ஓடுகிறது. செம்பு பூசிய துளையான வையா வழியாக நடுவில் மேலே ஏறி ஒரு கப்பாசிட்டரைத் தொட்டுவிட்டு மறுபடி இறங்குகிறது. 5 கிகாபிட்டில் எல்லாம் தேறுகிறது, 10இல் விழுகிறது. போர்டு செய்த தொழிற்சாலையான ஃபேப் தந்த அறிக்கையில், போர்டோடு சேர்த்துச் செய்த சோதனைத் துண்டான கூப்பன் 50.4 ஓம். கோட்டில் ஒரு மின்படியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து இடத்துக்கு இடம் இம்பீடன்ஸைக் காட்டும் டிடிஆர் கருவியை வைத்து நீங்கள் பார்த்தால் சாக்கெட்டுக்குக் கீழே 38 ஓம் வரை பள்ளம். உங்கள் மேலாளர் ஃபேப்பிடம் இம்பீடன்ஸ் 5 விழுக்காட்டுக்குள் வர வேண்டும் என்று கேட்கச் சொல்கிறார். நீங்களோ ட்ரேஸை, அதாவது செம்புக் கோட்டை, கொஞ்சம் மெலிதாக்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

கேள்வி ட்ரேஸ் அகலத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உள்ளே வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பள்ளத்துக்கு யார் பொறுப்பு? என் சிக்னலைக் கெடுப்பது அந்தப் பள்ளம்தானா? முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும்: பொறுப்பு ஃபேப்புடையது இல்லை, வரைபடத்துடையது. இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம். இதே தொழிற்பேட்டையில் 22 ஆண்டாகப் போர்டு வரைவதும் அளப்பதுமாக இருக்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கூப்பன் என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். போர்டுகளைச் சேர்த்துச் செய்யும் பெரிய தகடான பேனலின் ஓரத்தில் இருக்கும் அந்தத் துண்டில் ஒரு நேரான ட்ரேஸ் மட்டும் இருக்கும். வளைவு இல்லை, உங்கள் வையா இல்லை, சாக்கெட்டின் கால் அமரும் செம்புத் திட்டான பேட் இல்லை. செம்பைச் சரியான அகலத்துக்கு அரித்தார்களா, நடுவிலுள்ள மின்காப்பின் உயரம் சொன்னபடி வந்ததா என்ற இரண்டுக்குத்தான் முதன்மையாக அது சாட்சி. 50.4 வந்திருக்கிறது என்றால் அவர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். வையாவின் துளை எவ்வளவு, அதைச் சுற்றி எவ்வளவு செம்பை விலக்குவது, எந்த அடுக்கில் வெளியே எடுப்பது என்பதெல்லாம் நாம் கெர்பர் கோப்பில், அதாவது ஃபேப்புக்கு அனுப்பும் வரைபடக் கோப்பில், எழுதிக் கொடுத்தவை.

5 விழுக்காடு கேட்பதால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் பாருங்கள். ஓரிடத்தில் இம்பீடன்ஸ் மாறினால், இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்த அளவு திரும்பி வரும். வழக்கமான 10 விழுக்காட்டு அனுமதியில் மோசமாகப் போனால் 45 ஓம். 5ஐ 95ஆல் வகுத்தால் 5.3 விழுக்காடு. 5 விழுக்காட்டு அனுமதியில் 47.5 ஓம், திரும்புவது 2.6 விழுக்காடு. உங்கள் 38 ஓம் பள்ளத்தில் 12ஐ 88ஆல் வகுத்தால் 13.6 விழுக்காடு. கூடுதல் பணம் கொடுத்து மூன்று விழுக்காட்டுக்கும் குறைவாக மிச்சம் பிடிக்கிறோம், 13.6 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் காட்டுங்கள். அவர் சொல்வது தவறான அக்கறை இல்லை, தவறான இடத்தில் காட்டும் அக்கறை.

இனி அந்த 38ஐயே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். டிடிஆர் அனுப்பும் படி எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அவ்வளவு சின்னப் பள்ளத்தையும் அது காட்டிக்கொடுக்கும். உங்கள் கருவி 20 பிகோவினாடியில் ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சிக்னல் 35 பிகோவினாடி. பினாங்குப் பாலத்தில் மோட்டார் ஓட்டுபவருக்கு உடனே விளங்கும்: மோட்டாரின் சின்னச் சக்கரம் இறங்கிக் குலுங்கும் அதே வெடிப்பை லோரியின் பெரிய சக்கரம் தெரியாமலே கடந்துவிடும். சாலை ஒன்றுதான், சக்கரம்தான் வேறு. பெரும்பாலான டிடிஆர் கருவிகளில் ஏறும் நேரத்தை மெதுவாக்கிக் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதை 35இல் வைத்து மறுபடி பாருங்கள். பள்ளம் மேலே வரும். எத்தனை ஓம் வரும் என்பதை அளந்து பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சிப் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இந்தச் சக்கரக் கணக்கைப் போர்டில் போட எளிய வழி உண்டு. சாதாரண போர்டுப் பொருளான எஃப்ஆர்-4இல் சிக்னல் ஒரு நானோவினாடிக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் ஓடும். சிக்னல் ஏறும் அந்த 35 பிகோவினாடி விளிம்பு அப்படியானால் போர்டின் மேல் சுமார் 5 மில்லிமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் எந்தக் குறையையும் ஒரு சின்னக் கப்பாசிட்டராகவோ இண்டக்டராகவோ எண்ணிவிட்டுப் போகலாம். அது எவ்வளவு பாதிக்கும் என்பதற்கும் கைக்கணக்கு இருக்கிறது: அதிகப்படியான கப்பாசிட்டன்ஸை 50 ஓமால் பெருக்கி, ஏறும் நேரத்தின் இரு மடங்கால் வகுங்கள். 0.2 பிகோஃபாரட் கூடுதலாக உள்ள ஒரு பேட் 35 பிகோவினாடி விளிம்பில் 14 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அதே பேட் 500 பிகோவினாடி விளிம்பில் 1 விழுக்காடுதான். பழைய போர்டில் அதே சாக்கெட் நன்றாக ஓடியதே என்று குழம்பியிருந்தீர்கள். காரணம் இதுதான், சாக்கெட் மாறவில்லை, விளிம்பு குறுகிவிட்டது. இந்தச் சூத்திரம் தோராயம். 10 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களில் அதை எச்சரிக்கை மணியாக மட்டும் எடுத்துக்கொண்டு, மின்காந்தப் புலத்தைக் கணக்கிடும் மென்பொருளில் முப்பரிமாணமாகப் போட்டுப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. இதில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறோம். பள்ளத்தில் பட்டுத் திரும்பும் அலை எங்கே போகிறது? டிரான்ஸ்மிட்டருக்கு. அங்கே கோடு 50 ஓமில் ஒழுங்காக முடிக்கப்பட்டிருந்தால் அலை அங்கேயே அடங்கிவிடும். ரிசீவரைத் தொந்தரவு செய்ய வேண்டுமானால் திரும்பிய அலை இன்னொரு பள்ளத்தில் பட்டு மறுபடி முன்னோக்கி வர வேண்டும். 13.6 விழுக்காட்டில் 13.6 விழுக்காடு என்றால் இரண்டுக்கும் குறைவு. அவ்வளவு சின்ன எதிரொலி மட்டும் உங்கள் கண் வரைபடத்தை (பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் படம்; நடு இடைவெளி மூடினால் பிழை) மூடிவிடாது. ஆகவே டிடிஆர் படத்தின் பள்ளமே நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நோயின் ஓர் அடையாளம்.

நோய் என்று நான் நினைப்பது ஸ்டப். சிக்னல் மேலேயிருந்து வையாவில் இறங்கி மூன்றாம் அடுக்கில் வெளியேறிவிடுகிறது. ஆனால் துளை அதோடு நிற்பதில்லை. போர்டின் அடிவரை செம்பு பூசியபடி போகிறது. உங்கள் ஸ்டாக்-அப்பில், அதாவது அடுக்கு வரிசையில், அது ஏறத்தாழ 4.3 மில்லிமீட்டர். எங்கும் சேராமல் தொங்கும் அந்த வாலுக்குள் சிக்னலின் ஒரு பகுதி இறங்கி, அடியில் முட்டித் திரும்பி, தாமதமாக வந்து சேர்கிறது. வாலின் நீளம் கால் அலைநீளத்துக்குச் சமமாகும் அதிர்வெண்ணில் திரும்பி வருவது நேர் எதிராக நின்று சிக்னலையே விழுங்கிவிடும். மின்காப்பு மாறிலி 3.7 என்று வைத்தால் அது சுமார் 9 கிகாஹெர்ட்ஸ். வழியிலுள்ள பேட்களின் கப்பாசிட்டன்ஸும் சேர்வதால் நடைமுறையில் இன்னும் கீழே, 7, 8 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குவது சகஜம். 10 கிகாபிட் சிக்னலின் அடிப்படை அதிர்வெண் 5 கிகாஹெர்ட்ஸ். அந்தக் குழியின் சரிவில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். ஸ்டப்பின் இம்பீடன்ஸை 40 ஓம் என்று எடுத்துக் கணக்குப் போட்டால் ஒரே ஸ்டப் 5 கிகாஹெர்ட்ஸில் 2 முதல் 3 டெசிபல் தின்கிறது. உங்கள் பாதையில் ஒரு கோட்டுக்கு நான்கு வையா, ஆக நான்கு வால். 5 கிகாபிட்டில் அடிப்படை 2.5 கிகாஹெர்ட்ஸ், அங்கே இந்த இழப்பு மிகச் சின்னது. 5இல் தேறி 10இல் விழுவதற்கு இது அப்படியே பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதும் நிரூபணம் என்பதும் ஒன்றல்ல. அதிர்வெண் வாரியாக இழப்பை அளக்கும் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் கிடைத்தால் ஒரு நாள் கேட்டு வாங்கி, பாதையின் ஊடு இழப்பை 15 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்து பாருங்கள். 7 முதல் 9 கிகாஹெர்ட்ஸுக்குள் எங்காவது கோடு கிணறு போல விழுந்தால் ஸ்டப்தான், சந்தேகமே வேண்டாம். கிணறு இல்லாமல் கோடு சீராகச் சரிந்துகொண்டே போனால் நான் சொன்னது தவறு. மின்காப்புப் பொருளின் இழப்பையோ ட்ரேஸின் நீளத்தையோ தேட வேண்டும். அடுத்த போர்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு அளவீட்டைச் செய்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு குழுவாக, கூப்பனையும் நம்பாமல், டிடிஆரில் தெரிந்த ஒரு மேட்டைக் காட்டிப் போர்டுகளைத் திருப்பி அனுப்பினோம். தைப்பூச விடுமுறைக்கு முன் அனுப்பியது. புதுப் போர்டு வர ஐந்து வாரம். வந்ததிலும் அதே மேடு, அதே இடத்தில். பிறகுதான் ஒன்றைக் குறுக்காக வெட்டிப் பார்த்தோம். அகலம், உயரம் எல்லாம் சரி. ட்ரேஸுக்குக் கீழே பவர் பிளேன் (மின்சாரம் தரும் செம்புத் தளம்) இரண்டாகப் பிரியும் கோட்டை நாங்களே குறுக்கே கடந்திருந்தோம். திரும்பி வரும் மின்னோட்டத்துக்குக் கீழே தரை இல்லாமல் அது சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. அன்று முதல் மேடு தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது ட்ரேஸை அல்ல, அதற்குக் கீழேயுள்ள பிளேனை. நீங்களும் மூன்றாம் அடுக்கின் மேலும் கீழும் உள்ள பிளேன்களை அந்தப் பாதை நெடுக ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.

சரி, அடுத்த போர்டில் என்ன மாற்றுவது? நானாக இருந்தால் பாதையை மூன்றாம் அடுக்கிலிருந்து எடுத்து அடிப்பக்கத்துக்கே கொண்டுபோய்விடுவேன். கப்பாசிட்டரையும் சாக்கெட்டுக்கு நேர் கீழே அடிப்பக்கத்தில் வைப்பேன். அப்போது வையாவின் முழு நீளமும் பாதையாகிவிடும், தொங்க வால் இல்லை. நான்கு வையா இரண்டாகும். ஒரு வெள்ளி கூடுதல் செலவில்லை. லூப்பேக் என்பதால்தான் இந்த வழி உங்களுக்குக் கிடைக்கிறது. சிக்னல் மேலே தொடங்கி மேலேயே முடிகிறது, ஆகவே இரு முனைக்கும் ஒரே மருந்து. சாக்கெட்டிலிருந்து உள் அடுக்கு வழியாக அடிப்பக்க டெஸ்டர் பேடுக்குப் போகும் கோடுகளில் இது பலிக்காது. அங்கே கீழ் அடுக்கில் எடுத்தால் சாக்கெட் பக்கத்து வால் குறையும், டெஸ்டர் பக்கத்து வையாவில் அது மேல்நோக்கி வளர்ந்து நிற்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் போர்டின் தடிமன்தான். அந்தக் கோடுகளுக்கு பேக்ட்ரில் (வாலைத் துளையிட்டு அகற்றுவது) தவிர நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. மிச்ச வால் கால் மில்லிமீட்டர் அளவுக்கு வரும். ஆனால் பேக்ட்ரில் துளை வையாத் துளையைவிடப் பெரிது, வெட்டும் அடுக்குகளில் அதற்கு இடம் விட்டு வரைந்திருக்க வேண்டும். முடிந்த வரைபடத்தில் கடைசி நாள் செருக முடியாது.

வால் போனாலும் 5 மில்லிமீட்டர் நீள வையாவே ஒரு மின்தடம்தான், அதற்கும் இம்பீடன்ஸ் உண்டு. அதைத் தீர்மானிப்பவை துளையின் விட்டம், பிளேன்களில் அதைச் சுற்றிச் செம்பை விலக்கிய இடமான ஆன்டிபேட், பக்கத்தில் நிற்கும் கிரவுண்ட் வையாக்கள். உங்கள் ஆன்டிபேட் மென்பொருள் தானாகப் போட்ட அளவில் இருப்பதாகப் படத்தில் தெரிகிறது. ஜோடியின் இரண்டு வையாவையும் சேர்த்து ஒரே நீள்வட்டமாகத் திறந்துவிடுங்கள். உள் அடுக்குகளில் எதனோடும் சேராத பேட்களை எடுத்துவிடச் சொல்லுங்கள்; ஒவ்வொரு பேடும் ஒரு குட்டிக் கப்பாசிட்டர், இத்தனை அடுக்கில் அது சேர்ந்துவிடும். இரு பக்கமும் கிரவுண்ட் வையா கட்டாயம் நிற்கட்டும், திரும்பும் மின்னோட்டத்துக்கும் ஏணி வேண்டும். துளையைச் சிறிதாக்கினாலும் இம்பீடன்ஸ் ஏறும். ஆனால் 5 மில்லிமீட்டரில் 0.3 மில்லிமீட்டர் துளை என்றால் ஆழம் விட்டத்தைப் போல 16 மடங்குக்கு மேல். செம்பு பூசுவது சிரமம். அதை ஃபேப்பிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இவற்றின் திசை எனக்கு உறுதி. எத்தனை ஓம் மாறும் என்பது சாக்கெட்டின் பிட்ச்சை, அதாவது கால்களுக்கு இடையேயான தூரத்தை, பொறுத்தது. அதைக் கைக்கணக்கில் சொல்வது நியாயமில்லை.

கப்பாசிட்டர் பேடுக்கு வருகிறேன். 0402 அளவுக் கப்பாசிட்டர் என்றால் பேட் சுமார் அரை மில்லிமீட்டர் அகலம், உங்கள் ட்ரேஸ் அதில் பாதிக்கும் குறைவு. அகலம் திடீரென்று கூடினால் இம்பீடன்ஸ் இறங்கும். பேடுக்கு நேர் கீழே முதல் பிளேனில் மட்டும் ஒரு சன்னல் வெட்டுங்கள், அடுத்த பிளேன் வேலையை எடுத்துக்கொள்ளும். அதைவிடச் சிறிய 0201 போட முடிந்தால் குறையே சிறிதாகிவிடும். சன்னலைத் தாராளமாக வெட்டினால் பள்ளம் மேடாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கப்பாசிட்டரைப் பாதையின் சரிபாதியில், இரு பக்கமும் 30 மில்லிமீட்டர் வரும்படி அழகாக வைத்திருக்கிறீர்கள். அந்த அழகு வேண்டாம். ஒரே மாதிரிக் குறைகள் ஒரே இடைவெளியில் வந்தால் அவற்றின் சின்ன எதிரொலிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். 30 மில்லிமீட்டர் போய்வர ஏறத்தாழ 385 பிகோவினாடி. அதனால் இழப்புக் கோட்டில் சுமார் 2.6 கிகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஏற்ற இறக்கம் வரும், இரு பாதியும் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கும். ஒரு முனைக்கு ஒட்டி நகர்த்திவிட்டால் தாளம் கலைந்துவிடும்.

ட்ரேஸை மெலிதாக்கும் உங்கள் யோசனையைத் தள்ளிவிடவில்லை. முழு ட்ரேஸையும் மெலிதாக்கினால் நன்றாக இருக்கும் 50ஐ 53 ஆக்குவீர்கள், பள்ளம் அப்படியே இருக்கும், இழப்பும் கூடும். பள்ளத்தை ஒட்டி அரை மில்லிமீட்டர் மட்டும் மெலிதாக்கினால் அந்தச் சின்ன மேடு பள்ளத்தை ஓரளவு சமன் செய்யும். மற்றதெல்லாம் செய்து முடித்த பிறகு கடைசி ஓரிரு ஓமுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளை 45 பாகையாக மாற்றுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாற்றுங்கள், நட்டமில்லை. ஆனால் உங்கள் அகலத்தில் ஒரு செங்கோண மூலை சேர்ப்பது 0.01 பிகோஃபாரட் அளவுதான். உங்கள் பிரச்சினை அங்கே இல்லை.

டிடிஆர் படத்தில் இன்னும் இரண்டு விஷயம். கோடு நெடுக 50இலிருந்து 52 வரை மெதுவாக ஏறுவதைப் பார்த்து ட்ரேஸ் ஒரு முனையில் மெலிந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. மெல்லிய செம்பின் மின்தடை வழிநெடுகச் சேர்ந்துகொண்டே வருவதுதான் அப்படித் தெரிகிறது. சாக்கெட்டைத் தாண்டி வரும் மேடு சிப்பின் உறைக்குள் சிலிக்கானைக் கால்களோடு இணைக்கும் பாண்டிங் கம்பியாக இருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்குச் சுமார் 1 நானோஹென்றி. என் அம்மா 80களில் இதே பயான் லெப்பாஸில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து அந்தக் கம்பிகளைத் தைத்தவர். கம்பி நீளமாகத் தொங்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்த மேட்டைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு எனக்கு நினைவுக்கு வரும். அது போர்டு வரைபவர் கையில் இல்லை, அதைத் திருத்த முயலாதீர்கள்.

ஈரப்பதத்தைப் பற்றியும் யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த போர்டு தண்ணீரை உறிஞ்சும், உண்மை. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80 அளவு, அதுவும் உண்மை. ஆனால் உறிஞ்சும் அளவு மிகச் சிறிது. இம்பீடன்ஸை அது பெரிதாக அசைக்காது, இழப்பைத்தான் கொஞ்சம் கூட்டும். 12 ஓம் பள்ளத்தை அதன் மேல் போட முடியாது.

ஒன்று மட்டும் பாக்கி. அடுத்த பேனலில் உங்கள் சொந்தக் கூப்பன் ஒன்றைச் சேருங்கள். போர்டில் உள்ள அதே வையா, அதே ஆன்டிபேட், அதே கப்பாசிட்டர் பேட், இரு முனையிலும் அளக்க ஒரு கனெக்டர். பேனல் ஓரத்தில் எப்படியும் இடம் வீணாகத்தான் போகிறது. போர்டு வந்த அன்றே அதை அளந்துவிட்டால், சாக்கெட்டுடையது எது, வையாவுடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியும். இப்போது உங்கள் 38 ஓமில் அதைப் பிரிக்க என்னிடமும் வழியில்லை. அனலைசர் அளவீடு கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.